ஒரு பை ரத்தம் மூன்று உயிரைக் காக்கும் என்பது உண்மையா?

2 அக்டோபர் 2024, காலை 7.15 (வாசகர் கேள்வி)

நேற்று தேசியத் தன்னார்வ ரத்ததான நாள் என்பதால் எங்கள் கல்லூரியில் முகாம் நடந்தது. "நீங்கள் கொடுக்கும் ஒரு யூனிட் மூன்று உயிர்களைக் காக்கும்" என்று பதாகை வைத்திருந்தார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒருவரிடம் எடுத்ததை மூவருக்குப் பிரித்தால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்குதானே கிடைக்கும்? போன மாதம் என் மாமாவின் அறுவை சிகிச்சைக்காக நானும் என் நண்பர்களும் ரத்தம் கொடுத்தோம். அதன் பிறகும் பைக்கு இவ்வளவு என்று பணம் கட்டச் சொன்னார்கள். இலவசமாகப் பெற்றதை விற்பது நியாயமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2 அக்டோபர் 2024, இரவு 9.40

மதுரையில் ஒரு ரத்த வங்கியின் கூறு பிரிப்புப் பிரிவில் தொழில்நுட்பராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். முதல் கேள்விக்கு இன்று பதில் எழுதுகிறேன். பணத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ரத்தத்தைப் பிரிப்பது என்றால் ஒரே பொருளை மூன்று பங்காக ஊற்றி வைப்பது அன்று. ரத்தத்தில் சிவப்பணுக்கள், தட்டணுக்கள் எனப்படும் பிளேட்லெட்டுகள், அவை மிதக்கும் பிளாஸ்மா ஆகியவை உள்ளன. இவை ஒன்றுக்கொன்று எடையில் வேறுபட்டவை. செய்யும் வேலையும் வேறு. ஆக்சிஜனைச் சுமப்பது சிவப்பணு. ரத்தக் கசிவை முதலில் அடைப்பது தட்டணு. உறைதலுக்கான புரதங்கள் பிளாஸ்மாவில் இருக்கின்றன. சோகை உள்ளவருக்குச் சிவப்பணு மட்டும் போதும். அவருக்குப் பிளாஸ்மாவையும் சேர்த்து ஏற்றினால் இதயத்திற்கு வீண் சுமை. ஆகவே மூவரில் ஒவ்வொருவரும் தமக்குத் தேவையான பகுதியை, ஏறத்தாழ முழுமையாகவே, பெறுகிறார்கள்.

இது நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். 350 மி.லி. எடுப்பதற்கான பையில் 49 மி.லி. உறைவு எதிர்ப்புத் திரவமும், 450 மி.லி. பையில் 63 மி.லி. திரவமும் முன்கூட்டியே இருக்கும். முகாமில் நீங்கள் பார்ப்பது ஒரு பைதான் என்று தோன்றினாலும் அதனோடு குழாய்களால் இணைந்த இரண்டு மூன்று வெற்றுப் பைகள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். தட்டணு எடுப்பதாக இருந்தால் அந்தப் பையைக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. 20 முதல் 24 டிகிரி வெப்பநிலையில் வைத்துச் சில மணி நேரத்திற்குள் ஆய்வகத்திற்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

அங்கே சென்ட்ரிஃப்யூஜ் என்னும், பைகளை வேகமாகச் சுழற்றும் குளிரூட்டப்பட்ட பெரிய இயந்திரம் இருக்கும். எதிரெதிர்க் கிண்ணங்களில் வைக்கும் பைகளைத் தராசில் நிறுத்து, எடை குறையும் பக்கத்தில் ரப்பர் வில்லைகளைச் சேர்த்துச் சமப்படுத்திய பிறகே பொத்தானை அழுத்துவோம். எடை சமமில்லாவிட்டால் இயந்திரம் அதிர்ந்து, பிரிந்த அடுக்குகள் மறுபடி கலந்துவிடும். அரிசி களைந்த நீரை ஆடாமல் வைத்தால் மண்டி அடியில் தங்கி மேலே தெளிவது போன்றதுதான் இதன் அடிப்படை. தானாகத் தெளியும்வரை காத்திருக்க நேரமில்லாததால் இயந்திரத்தில் சுழற்றுகிறோம். முதல் சுழற்சி மிதமானது. அது முடிந்ததும் கனமான சிவப்பணுக்கள் அடியிலும், தட்டணுக்கள் கலந்த மஞ்சள் பிளாஸ்மா மேலேயும் நிற்கும்.

பிறகு பையை அலுங்காமல் எடுத்து எக்ஸ்பிரசர் என்னும் கருவியின் இரு தகடுகளுக்கு நடுவே நிறுத்துவோம். தகடு மெல்ல அழுத்த அழுத்த மேலடுக்கு குழாய் வழியே அடுத்த பைக்கு ஏறும். சிவப்புக் கோடு பையின் கழுத்தை நெருங்கும் அந்தச் சில விநாடிகளில் கண்ணை வேறு எங்கும் திருப்பக் கூடாது. குழாயை அடைக்கும் கவ்வியை முன்னதாகப் போட்டால் தட்டணு குறையும். தாமதித்தால் சிவப்பணு புகுந்துவிடும். பிறகு சிவப்பணுப் பையில் அதை வாழவைக்கும் கரைசல் இறங்கும். மஞ்சள் பையை மறுபடி, இம்முறை வேகமாக, சுழற்றினால் தட்டணுக்கள் அடியில் வெளிர் நிறத்தில் படியும். மேலே உள்ள பிளாஸ்மாவை மூன்றாவது பைக்கு அனுப்பிவிட்டு, குழாய்களை வெப்பத்தால் ஒட்டித் துண்டிப்போம். தொடக்கம் முதல் இறுதிவரை எந்தப் பையும் வெளிக்காற்றைக் காண்பதில்லை.

3 அக்டோபர் 2024, காலை 6.30

நேற்று எழுதியதற்கு ஒரு வரம்பைச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் பதாகையின் வாசகம் முழு உண்மை என்று நான் சொன்னதாக ஆகிவிடும்.

ஒரு பையிலிருந்து கிடைக்கும் தட்டணுவின் அளவு 50 முதல் 70 மி.லி. வரைதான். வளர்ந்த ஒருவருக்கு ஒரு வேளை சிகிச்சைக்கு அத்தகைய பைகள் நான்கு முதல் ஆறு வரை தேவைப்படும். பிளாஸ்மாவையும் எடைக்கேற்பத்தான் கொடுக்கிறார்கள். கிலோவிற்கு 10 முதல் 15 மி.லி. என்று கணக்கிட்டால் 60 கிலோ எடையுள்ளவருக்கு 600 மி.லி.யாவது வேண்டும், ஒரே கொடையாளரிடமிருந்து அவ்வளவு கிடைக்காது. ஆகவே ஒரு யூனிட் மூவரின் சிகிச்சையில் பங்கேற்கிறது என்பதே சரியான கூற்று. மூன்று உயிர்களைத் தனியாகவே காக்கிறது என்பது மிகை.

இந்தக் கணக்கு குழந்தைகள் பிரிவில் தலைகீழாகிறது. குறைமாதத்தில் பிறந்து ஒன்றரைக் கிலோ எடையோடு இருக்கும் சிசுவிற்கு ஒரு வேளைக்குத் தேவைப்படும் சிவப்பணு 20 மி.லி. அளவில்தான் இருக்கும். ஒரே கொடையாளரின் சிவப்பணுவைச் சிறு பைகளில் பிரித்து வைத்து, அதே குழந்தைக்கு அடுத்தடுத்த வாரங்களில் கொடுப்பதுண்டு. பல கொடையாளர்களின் ரத்தம் அந்தச் சிறிய உடலில் கலக்காமல் இருக்க அது உதவுகிறது. அங்கே உங்கள் ஒரு பை, ஒரு குழந்தையின் முழு சிகிச்சையாகவே இருக்கக்கூடும்.

3 அக்டோபர் 2024, இரவு 10.05

"பிரித்த பிறகு எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மொத்த விஷயத்தின் மையமே இந்தக் கேள்விதான் என்று நான் கருதுகிறேன்.

கரைசல் சேர்த்த சிவப்பணு 2 முதல் 6 டிகிரியில் 42 நாள் இருக்கும். உறைய வைத்த பிளாஸ்மா மைனஸ் 30 டிகிரியிலோ அதற்குக் கீழோ ஓராண்டு இருக்கும். தட்டணுவிற்கு ஆயுள் ஐந்தே நாள். அதைக் குளிரில் வைத்தால் வடிவம் மாறிவிடும். உடலில் ஏற்றியதும் கல்லீரல் விரைவாக அப்புறப்படுத்திவிடும். அதனால் அறை வெப்பத்தில், காற்றை ஊடுருவ விடும் பையில், இரவும் பகலும் முன்னும் பின்னும் மெல்ல அசைந்துகொண்டே இருக்கும் தட்டுகளின் மீது வைக்க வேண்டும். அந்த வெப்பநிலையில் பாக்டீரியாவும் வளரும் என்பதாலேயே ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க அனுமதியில்லை. அந்த ஐந்தில் ஏறத்தாழ ஒரு நாள் பரிசோதனை முடிவுகளுக்காகக் காத்திருப்பதில் போய்விடும்.

இப்போது உங்கள் கல்லூரி முகாமை நினைத்துப் பாருங்கள். அக்டோபர் 1 அன்று நாடெங்கும் முகாம். மறுநாள் காந்தி ஜெயந்தி, அன்றும் முகாம். தலைவர்களின் பிறந்தநாளிலும் திரைக் கலைஞர்களின் பிறந்தநாளிலும் இளைஞர்கள் வரிசையில் நின்று கொடுக்கிறார்கள். அவர்களுடைய மனம் பெரியது. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் ஒரே நாளில் வந்து குவியும் தட்டணு அடுத்த வாரத்திற்கு உதவாது. ஐந்தாம் நாள் இரவு, பயன்படாத தட்டணுப் பைகளை அழிப்பதற்கான பதிவேட்டில் எண் எண்ணாக எழுதிய வேளைகள் என் பணிக்காலத்தில் எனக்கு மிகவும் கனமானவை. அதற்கு அடுத்த வாரமே புற்றுநோய்ப் பிரிவிலிருந்து தட்டணு கேட்டுத் தொலைபேசி வரும். அலமாரி காலியாக இருக்கும்.

5 அக்டோபர் 2024, மாலை 5.20

பணத்தைப் பற்றி.

ரத்தத்தை விற்கக் கூடாது. அதைப் பதப்படுத்துவதற்கான கட்டணத்தை மட்டுமே பெறலாம் என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 ஜனவரியில் மீண்டும் தெளிவுபடுத்தியிருக்கிறது. பை, எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்கான பரிசோதனைகள், வகை பார்த்தல், நோயாளியின் ரத்தத்தோடு பொருத்திப் பார்க்கும் கிராஸ் மேட்ச், மின்சாரம், ஊழியர் ஊதியம் ஆகியவை அந்தக் கட்டணத்தில் அடங்கும். தேசிய ரத்த ஏற்றக் குழுமம் இதற்கு உச்சவரம்பு வகுத்திருக்கிறது. நீங்கள் கட்டியது அந்த வரம்பிற்குள் இருந்தால் அது விற்பனை ஆகாது. வரம்பைத் தாண்டியிருந்தால் ரசீதோடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் முறையிட உங்களுக்கு உரிமை உண்டு. ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம்.

இங்கே பழைய கதை ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். பணத்திற்காக ரத்தம் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இந்த நாட்டில் ஏராளமாக இருந்தார்கள். வறுமையில் அடிக்கடி கொடுத்துக் கொடுத்து அவர்களே சோகை பிடித்துக் கிடந்தார்கள். நோய்த் தொற்றும் அவர்கள் வழியே பரவியது. 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை அடுத்து, 1998 ஜனவரி 1 முதல் அந்த முறை தடை செய்யப்பட்டது. "கொடுப்பவருக்குப் பணம் தந்தால் என்ன?" என்று மேலே ஒருவர் எழுதியிருப்பதற்கு இதுவே என் பதில்.

உறவினர்களை அழைத்து வந்தால்தான் ரத்தம் தருவோம் என்று நிர்ப்பந்திப்பது வேறு விஷயம். அதை நான் ஒருபோதும் ஏற்கவில்லை. அறுவை சிகிச்சைக்கு ஆளைச் சேர்த்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் நின்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போடும் குடும்பத்தின் தவிப்பைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். அப்படி அழைத்து வரப்படுபவர் தம் உடல்நிலையை மறைக்கக்கூடும் என்பது மருத்துவக் காரணம். அடுத்தவரின் துன்ப நேரத்தில் நிபந்தனை போடக் கூடாது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

6 அக்டோபர் 2024, பிற்பகல் 2.00

"பாட்டில் ரத்தம்" என்று என் தலைமுறையினர் இன்றும் சொல்வதைப் பற்றி ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அவர் கேட்டது சரிதான். முன்பு கண்ணாடிப் பாட்டிலில்தான் ரத்தம் எடுத்தார்கள்.

ரத்தத்தை உடலுக்கு வெளியே உறையாமல் வைத்திருக்க சோடியம் சிட்ரேட் உதவும் என்பதை 1914இல் பெல்ஜியத்தின் ஆல்பர்ட் ஹுஸ்டினும் அர்ஜென்டினாவின் லூயிஸ் அகோட்டேயும் தனித்தனியே செய்து காட்டினார்கள். சிகாகோவின் குக் கவுன்டி மருத்துவமனையில் பெர்னார்ட் ஃபான்டஸ் 1937இல் தொடங்கிய சேமிப்பிடம்தான் முதன்முதலில் ரத்த வங்கி என்ற பெயரைப் பெற்றது. ஆனால் பாட்டிலில் இருக்கும்வரை கூறு பிரிப்பது பெரும்பாடு. மூடியைத் திறந்தால் கிருமி புகும். சுழற்றினால் கண்ணாடி உடையும். பாஸ்டனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் கார்ல் வால்டர் 1950 வாக்கில் பிளாஸ்டிக் பையை உருவாக்கிய பிறகே, பைகளைக் குழாய்களால் இணைத்து மூடிய அமைப்பிற்குள் பிரிக்க முடிந்தது. ரத்தப் பிரிவினையில் நிகழ்ந்த மிகப் பெரிய முன்னேற்றம் எது என்று கேட்டால் சுழலும் இயந்திரத்தைவிட இந்தப் பையைத்தான் நான் சொல்வேன்.

நம் நாட்டில் அந்தப் பையை உள்நாட்டிலேயே செய்யும் தொழில்நுட்பத்தை உருவாக்கியது திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம். பென்போல் என்ற பெயரில் அந்தத் தொழில்நுட்பம் தொழிற்சாலையாக வளர்ந்து, பின்னர் ஜப்பானின் டெருமோ நிறுவனத்தோடு இணைந்தது. இறக்குமதிப் பையின் விலையையே நம்பியிருந்தால் மாவட்டத் தலைநகரங்களுக்குக் கூறு பிரிப்பு இவ்வளவு விரைவில் வந்திருக்காது.

9 அக்டோபர் 2024, இரவு 8.45

டெங்கு பற்றிய கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. மழைக்காலம் தொடங்குவதால் விரிவாகவே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். ஆய்வகத்தின் பக்கத்திலிருந்து கண்டதையும், மருத்துவர்கள் எங்களுக்குக் கற்பித்ததையும் சொல்கிறேன்.

ஒரு மழைக்கால இரவில், பையனின் பரிசோதனைத் தாளைக் கையில் பிடித்தபடி ஒரு தந்தை எங்கள் ஜன்னலுக்கு வந்தார். தட்டணு 38,000 என்று தாளில் இருந்தது. "காலையில் அறுபதாயிரம் இருந்தது ஐயா, இப்போது பாதியாகிவிட்டது, எத்தனை பை வேண்டுமானாலும் எடுத்துத் தாருங்கள்" என்று மன்றாடினார். மருத்துவர் தட்டணு கேட்டு எழுதியிருக்கவில்லை, அவராகவே வந்திருந்தார். எங்கள் மருத்துவ அலுவலர் அவரை உட்காரவைத்து, பையனுக்கு எங்காவது ரத்தம் கசிகிறதா, சிறுநீர் எவ்வளவு போகிறது, வயிற்று வலி இருக்கிறதா, கை கால் சில்லிட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் அப்படிக் கேட்ட முறையிலிருந்து நான் கற்றது அதிகம்.

டெங்குவில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் தட்டணு எண்ணிக்கையால் வருவதில்லை. ரத்த நாளங்களிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசிந்து, ரத்தம் செறிவடைந்து, நாடி தளர்ந்து ரத்த அழுத்தம் சரிவதால் வருகிறது. காய்ச்சல் தணியும் வேளையில்தான் இந்த ஆபத்து கூடும்; வீட்டில் இருப்பவர்களோ காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதி கொள்வார்கள். சரியான அளவில், சரியான நேரத்தில் திரவம் கொடுப்பதே முதன்மையான சிகிச்சை. அந்தக் கட்டம் கடந்ததும் தட்டணு தானாகவே ஏறத் தொடங்கும்.

சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகளில் டெங்கு கண்ட பெரியவர்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2017இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியானது. தட்டணு 20,000க்குக் குறைந்து, ஆனால் பெரிய ரத்தக் கசிவு இல்லாதவர்களில் ஒரு பகுதியினருக்கு முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றினார்கள், மற்றவர்களுக்கு ஏற்றவில்லை. ஏற்றியதால் ரத்தக் கசிவு குறையவில்லை. பக்க விளைவுகள்தான் ஏற்றியவர்களிடம் அதிகமாக இருந்தன. கசிவு இல்லாத நிலையில் 10,000க்குக் கீழே இறங்கினால்தான் தட்டணுவைப் பற்றி யோசிப்பது இங்குள்ள மருத்துவர்களின் பொதுவான நடைமுறை. ரத்தக் கசிவு இருந்தால் எண்ணிக்கை எதுவாயினும் அது வேறு கணக்கு. அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்தப் பையனுக்குத் தட்டணு ஏற்றப்படவில்லை. திரவ சிகிச்சையிலேயே தேறினான்.

தேவையில்லாமல் ஏற்றும் ஒவ்வொரு பையும் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும் ஒருவரிடமிருந்து எடுக்கப்படுகிறது என்பதை டெங்கு நோயாளிகளின் குடும்பத்தினர் அறிய வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு எழுதினேன். அந்த மருந்துகள் எலும்பு மஜ்ஜையை ஒடுக்குவதால் அவர்களுடைய உடலில் பல நாட்களுக்குத் தட்டணு ஊறாது. அவர்களுக்கு வேறு வழியே இல்லை.

10 அக்டோபர் 2024, காலை 7.50

"தட்டணு நல்ல நிலையில் இருக்கிறதா என்று எப்படி அறிவீர்கள்?" என்ற கேள்விக்குச் சுருக்கமாக: பையை விளக்கின் முன் பிடித்து மெல்லச் சாய்க்க வேண்டும். உயிர்ப்புள்ள தட்டணுக்கள் வட்டத் தகடு வடிவில் இருப்பதால் ஒளி அவற்றில் பட்டுச் சிதறி, திரவத்திற்குள் பட்டுத் துணி நெளிகிற மாதிரி மினுக்கம் தெரியும். வடிவம் கெட்டு உருண்டையாகிவிட்டால் எவ்வளவு சாய்த்தாலும் மந்தமாகவே கிடக்கும். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பையையும் இப்படிப் பார்த்தே அனுப்புவோம்.

14 அக்டோபர் 2024, இரவு 9.15

பிளாஸ்மாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அதைச் சொல்லாமல் விட்டால் இந்த இழை முழுமை பெறாது.

ரத்தம் எடுத்த 6 முதல் 8 மணி நேரத்திற்குள் பிளாஸ்மாவை உறைய வைத்துவிட்டால் அதன் உறைதல் காரணிகள் கெடாமல் இருக்கும். கல்லீரல் பழுதடைந்து ரத்தம் கசிபவருக்கும், பெருங்காயத்தில் ரத்தம் இழந்தவருக்கும் அதை உருக்கிக் கொடுக்கிறார்கள். உருக்கும் விதத்தில்தான் ஒரு பெரிய கண்டுபிடிப்பு ஒளிந்திருந்தது. உறைந்த பிளாஸ்மாவைக் குளிர்பெட்டியின் வெப்பநிலையிலேயே மெதுவாக உருகவிட்டால் பையின் அடியில் வெண்ணிறப் படிவு ஒன்று தங்குகிறது. ரத்தம் சரியாக உறையாத பிறவி நோயான ஹீமோஃபீலியா உள்ளவர்களுக்குத் தேவையான எட்டாம் உறைதல் காரணி அந்தப் படிவில் செறிந்திருக்கிறது என்பதை 1964இல் ஸ்டான்ஃபோர்டின் ஜூடித் பூல் வெளிப்படுத்தினார். கிரையோ என்று நாங்கள் சொல்லும் பொருள் அதுதான். அதுவரை லிட்டர் கணக்கில் பிளாஸ்மா ஏற்ற வேண்டியிருந்த பிள்ளைகளுக்குச் சில சிறு பைகளே போதுமானதாயின. மூட்டில் ரத்தம் கசிந்து முடங்கிக் கிடந்தவர்கள் அதன் பிறகு பள்ளிக்குப் போனார்கள்.

இன்று ஹீமோஃபீலியாவிற்குத் தனிச் செறிவு மருந்துகள் வந்துவிட்டன. கிரையோவின் பணி இப்போது பெரும்பாலும் பிரசவ அறையில். பிள்ளைப்பேற்றிற்குப் பின் ரத்தப்போக்கு நிற்காத தாய்மாருக்கு ஃபைப்ரினோஜன் என்னும் உறைவுப் புரதம் வேகமாகத் தீர்ந்துவிடும். அதை ஈடுசெய்யப் பத்துப் பைகள்வரை கிரையோ கேட்டு வரும். அந்த அழைப்பு வந்தால் வேறு எந்த வேலையையும் கீழே வைத்துவிட்டு உருக்கத் தொடங்குவோம்.

மிச்சமாகும் பிளாஸ்மா தொழிற்சாலைக்குப் போகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஹார்வர்டின் எட்வின் கோன் வகுத்த முறையில், குளிர்ந்த எத்தனாலைக் கொண்டு ஆல்புமின், இம்யூனோகுளோபுலின் முதலிய புரதங்களைப் படிப்படியாகப் பிரிக்கிறார்கள். நரம்புகள் செயலிழந்து மூச்சுவிட முடியாமல் கிடக்கும் கில்லன் பாரே நோயாளிக்குக் கொடுக்கும் இம்யூனோகுளோபுலின், பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான கொடையாளர்களின் பிளாஸ்மாவை ஒன்றுசேர்த்து எடுத்தது.

ஒன்றுசேர்ப்பதில்தான் ஆபத்தும் இருந்தது. ஒரே ஒருவரின் தொற்று மொத்தத் தொகுதியையும் கெடுத்துவிடும். பிரிட்டனில் 1970களிலும் 80களிலும் தொற்றுள்ள ரத்தமும் ரத்தப் பொருள்களும் பெற்ற 30,000க்கும் மேற்பட்டோர் எச்.ஐ.வி.க்கும் ஹெபடைடிஸ் சிக்கும் ஆளானார்கள். ஏறத்தாழ 3,000 பேர் இறந்தார்கள். அதைப் பற்றிய பொது விசாரணையின் அறிக்கை 2024 மே 20ஆம் தேதிதான் வெளியானது. வெப்பத்தாலும் கரைப்பான்களாலும் கிருமிகளைச் செயலிழக்கச் செய்யும் முறைகள் 1980களின் நடுவிலிருந்து வந்த பிறகே அந்த மருந்துகள் பாதுகாப்பானவை ஆயின.

நமக்கும் இதில் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னை மருத்துவக் கல்லூரியில். சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் திரட்டிய மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. தானமாகப் பெறும் ரத்தத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை 1989இல் கட்டாயமானது. அவர்கள் அன்று தேடிப் பார்க்காமல் இருந்திருந்தால் எத்தனை பைகள் சோதிக்கப்படாமலே ஏற்றப்பட்டிருக்கும் என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

17 அக்டோபர் 2024, காலை 6.10

கொடுக்க வருபவர்களுக்கு இரண்டு நடைமுறைச் செய்திகள். வெறும் வயிற்றோடு வர வேண்டாம். அதே சமயம் பிரியாணியோ எண்ணெய்ப் பலகாரமோ உண்ட கையோடும் வர வேண்டாம். ரத்தத்தில் கொழுப்பு மிதந்தால் பிளாஸ்மா பால் போல வெளுத்துவிடும்; அதை அழிக்க வேண்டியதுதான். இட்லி, இடியாப்பம் போதும். தண்ணீர் நிறையக் குடித்து வாருங்கள். அடுத்தது, கடந்த மூன்று நாளுக்குள் ஆஸ்பிரின் உட்கொண்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் சிவப்பணுவும் பிளாஸ்மாவும் பயன்படும். தட்டணு மட்டும் ஒட்டும் திறனை இழந்திருக்கும், ஆகவே அதை எடுக்க மாட்டார்கள்.

20 அக்டோபர் 2024, மாலை 6.35

"முழு ரத்தமே தேவையில்லை என்கிறீர்களா?" என்று ஒரு செவிலியர் கேட்டிருக்கிறார். அம்மா, அப்படி முழுவதுமாகச் சொல்லிவிட முடியாது. பெருவிபத்தில் ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவருக்கு மூன்று கூறுகளும் சேர்ந்தே தேவை. சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு ஆகியவற்றைச் சம விகிதத்தில் கொடுத்தபோது முதல் 24 மணி நேரத்தில் ரத்தமிழந்து இறப்பது குறைந்தது என்று 2015இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. ஆனால் ஒட்டுமொத்த இறப்பில் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. பிரித்ததை மீண்டும் சேர்ப்பதற்குப் பதில் முழு ரத்தத்தையே கொடுக்கலாமே என்ற எண்ணம் ராணுவ மருத்துவத்திலிருந்து பொது மருத்துவமனைகளுக்கும் திரும்பி வந்திருக்கிறது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் அது கொட்டும் ரத்தத்திற்கான சிகிச்சை. வார்டில் படுத்திருக்கும் சோகை நோயாளிக்கு உரியது அன்று.

"தெம்புக்கு ஒரு பாட்டில் ஏற்றிவிடுங்கள்" என்று கேட்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. ஒரு பை சிவப்பணு ஏற்றினால் ஹீமோகுளோபின் ஏறத்தாழ ஒரு கிராம் உயரும், அவ்வளவுதான். தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளிடம்கூட, 10 கிராமைத் தக்கவைக்கப் பாடுபடுவதைவிட 7 கிராமுக்குக் கீழே போகும்போது மட்டும் ஏற்றுவது பாதகமில்லை என்று 1999இல் கனடாவில் நடந்த ஆய்வு நிறுவிவிட்டது. இரும்புச்சத்துக் குறைவால் வந்த சோகைக்கு, அவசரமில்லாத நிலையில், இரும்பு மாத்திரையோ ஊசியோதான் மருந்து. ஏற்றும் ஒவ்வொரு பையிலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உடலில் சேர்கிறது. அதை வெளியேற்ற உடலுக்கு வழி கிடையாது. ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோயான தலசீமியாவோடு பிறந்த பிள்ளைகள் இரண்டு முதல் நான்கு வாரத்திற்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டே வாழ்கிறார்கள். சேர்ந்த இரும்பை அகற்றத் தினமும் தனி மருந்தும் உட்கொள்கிறார்கள். அவர்களுக்கு ரத்தம் தவிர்க்க முடியாத தேவை. தெம்புக்காகக் கேட்பவருக்கு அது தேவையே இல்லை.

24 அக்டோபர் 2024, இரவு 9.00

எந்த ரத்த வகையினர் யாருக்குக் கொடுக்கலாம் என்ற விவாதம் வாசகர்களிடையே நீண்டுவிட்டது. ஓ நெகட்டிவ் வகையினர் எல்லோருக்கும் கொடுக்கலாம் என்பது சிவப்பணுவிற்கு மட்டுமே பொருந்தும். பிளாஸ்மாவில் கணக்கு தலைகீழ்: ஏபி வகையினரின் பிளாஸ்மாவில் ஏ, பி இரண்டிற்கும் எதிரான பொருள்கள் இல்லாததால் அதை யாருக்கும் கொடுக்கலாம். "என் வகை ஏபி, எங்கும் தேவைப்படாது" என்று ஒதுங்கியிருக்கும் நண்பர் இதைக் கவனிக்க வேண்டும்.

பம்பாய் வகை என்ற ஒன்று உண்டு. 1952இல் பம்பாயில் பெண்டேயும் அவருடைய சக ஆய்வாளர்களும் கண்டறிந்தது. வழக்கமான சோதனையில் ஓ போலவே தெரியும். ஆனால் ஓ வகை ரத்தமும் இவர்களுக்குச் சேராது. ஓ வகையினரின் சிவப்பணுவில் உள்ள எச் என்னும் பொருள் இவர்களிடம் இல்லாததே காரணம். அத்தகையவர்கள் தம் பெயரை ரத்த வங்கியில் பதிந்து வைப்பது அவசியம்.

3 நவம்பர் 2024, காலை 8.20

முதல் கேள்வியைக் கேட்ட தம்பி, தட்டணு மட்டும் கொடுக்கப் பெயர் பதிந்திருப்பதாகவும் அது எப்படி நடக்கும் என்றும் கேட்டிருக்கிறார். தீபாவளி விடுமுறையில் முகாம்கள் குறைந்து கையிருப்பும் குறைந்திருக்கும் வாரம் இது. நல்ல நேரத்தில் முன்வந்திருக்கிறீர்கள்.

எஸ்.டி.பி. (சிங்கிள் டோனர் பிளேட்லெட், அதாவது ஒரே கொடையாளரின் தட்டணு) என்று சொல்லப்படும் இந்த முறையில் உங்கள் கையிலிருந்து வரும் ரத்தம் நேராக இயந்திரத்திற்குள் சென்று, அங்கேயே சுழன்று, தட்டணு மட்டும் தனிப் பையில் தங்க, மீதி உங்களுக்கே திரும்பிவிடும். சாதாரணமாக ஆறு பேரின் பைகளிலிருந்து சேர்க்க வேண்டிய தட்டணு உங்கள் ஒருவரிடமிருந்தே கிடைக்கும். நோயாளி ஆறு பேருக்குப் பதில் ஒருவரின் ரத்தத்தோடு மட்டுமே தொடர்பு கொள்கிறார். முன்னதாகச் சிறிதளவு ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். தட்டணு ஒன்றரை லட்சத்திற்கு மேல் இருக்க வேண்டும். கை நரம்பு நன்றாகத் தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள்.

ஒன்றரை மணி நேரம் வரை சாய்ந்திருக்க வேண்டியிருக்கும். இடையில் உதடும் விரல் நுனிகளும் சுறுசுறுவென்று மரத்துப்போகலாம். ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட் உங்கள் உடலின் கால்சியத்தைத் தற்காலிகமாகப் பிணைத்துக்கொள்வதால் வருவது அது, பயப்பட வேண்டாம். ஆனால் பொறுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடவும் வேண்டாம். உடனே சொன்னால் வேகத்தைக் குறைத்துக் கால்சியம் மாத்திரை தருவார்கள். சில நிமிடங்களில் சரியாகிவிடும். முழு ரத்தம் கொடுத்தால் ஆண்கள் மூன்று மாதமும் பெண்கள் நான்கு மாதமும் காத்திருக்க வேண்டும். தட்டணுவிற்கு 48 மணி நேர இடைவெளி போதும். வாரத்திற்கு இருமுறைக்கும் ஆண்டுக்கு 24 முறைக்கும் மேற்படக் கூடாது. அக்டோபர் 1 முகாமில் முழு ரத்தம் கொடுத்திருந்தால் அந்தத் தேதியைப் பதிவின்போது மறக்காமல் சொல்லுங்கள். எப்போது வரலாம் என்பதை அவர்கள் கணக்கிட்டுச் சொல்வார்கள்.